மண்மணியும் மண்குதிரையும்: நேர்த்திப் பொருளும் கிராமக் கைத்தொழிலும்

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

"மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்பது நம் ஜனங்கள் வாயில் அடிக்கடி வழங்கும் பழமொழி. ஆற்று நடுவே சேர்ந்த மணல் திட்டாகிய ‘குதிர்’ என்னும் சொல்லே நாளடைவில் குதிரையாகத் திரிந்தது என்று சொல்லுவோரும் உளர். சொல் எப்படியாயினும், மண்ணாற் செய்த குதிரை ஆற்றைக் கடக்க உதவாது என்பது மெய். ஆனால் அதே மண்குதிரையை நம்பிப் பல நூறு குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்திருக்கின்றன என்பதும் மெய்யே. அக்குடும்பங்களின் பிழைப்பு இன்று தளர்ந்து நிற்பதன் காரணம் என்ன, அதற்குச் சங்கம் செய்யத்தக்கது என்ன என்பதே இப்பாடத்தின் பொருள்.

சென்ற முறை தாண்டிக்குடியில் கணக்குப் பார்வையிடச் சென்றிருந்தபோது, கூட்டம் முடிந்தபின் இவ்விஷயத்தைப் பற்றிச் சிறிது பேசினேன். முதியவரான அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "ஐயா, எங்கள் மலையில் காப்பியும் மிளகும் வாழையும் உண்டு. வண்டல் படியும் கண்மாய் உண்டா, சூளை உண்டா? பானை சட்டியெல்லாம் அடிவாரத்திலிருந்துதானே எங்களுக்கு ஏறி வருகிறது. குயவர் தொழிலைப் பற்றி எங்களுக்குப் பாடம் எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு அப்போது நான் சொன்ன விடை அரைகுறையானது. முழு விடையை இங்கே எழுதுகிறேன்.

1. மண்ணும் வழிபாடும்

கடல் மட்டத்திற்கு நாலாயிரம் அடிக்கு மேல் அமைந்துள்ள தாண்டிக்குடி, முருகப்பெருமான் இங்கிருந்து பழநிக்குத் தாண்டிக் குதித்த இடம் என்று ஜனங்களால் போற்றப்படுவது. பாலமுருகன் கோயிலுக்கு வரும் யாத்திரிகர்கள் இந்தக் கதையைக் கேளாமல் திரும்புவதில்லை. அந்தக் கோயிலுக்கும் வெகு காலத்துக்கு முன்பே இம்மலையில் மனிதர் வாழ்ந்து இறந்ததற்குச் சாட்சியாகக் கல்திட்டைகளும் கல்லறைகளும் இப்பகுதி எங்கும் கிடக்கின்றன. பழநி மலையின் கல்திட்டைகளைப் பற்றி ஆங்க்லேட் பாதிரியாரும் நியூட்டன் என்பவரும் எழுதிய நூலை இந்தியத் தொல்பொருள் துறையார் 1928ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர். பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா. ராஜன் முதலானோர் தாண்டிக்குடியில் முறைப்படி அகழ்ந்து ஆராய்ந்து, 2005ஆம் ஆண்டில் அதன் விவரங்களை வெளியிட்டார்கள். கல்லறைகளில் சூதுபவள மணிகளோடு மட்கலங்களும் கிடைத்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. சூதுபவளம் செல்வத்தின் அடையாளம். விலை கொடுத்து வாங்கியது. மட்கலமோ அன்றாடச் சோற்றின் அடையாளம். இறந்தவர்க்கு வழித்துணையாக வைக்கும்போது நம் முன்னோர் இரண்டையும் ஒரே குழியில் வைத்தனர். மண்ணில் வனைந்த பொருள் மலிவானது. ஆயினும் தெய்வத்தின் முன்னும் இறந்தவர் முன்னும் வைக்கத் தகாதது என்று அவர்கள் எண்ணவில்லை. அந்த எண்ணம் நம் நாட்டில் இன்னும் முற்றிலும் மறையவில்லை. பிள்ளை வரம் வேண்டி மதலை என்னும் மண்பிள்ளை உருவைக் கோயிலில் வைப்பதும், கால்நடை நோய் நீங்க மண்ணால் மாடு செய்து வைப்பதும், ஐயனாருக்குப் புரவி எடுப்பதும் அதன் தொடர்ச்சியே.

2. ஜப்பான் தேசத்து மண்மணி

பிற தேசத்தார் இத்தகைய தொழிலை எவ்வாறு காத்து வருகின்றனர் என்பதை அறிந்தால் நமக்குத் தெளிவு பிறக்கும். ஜப்பானியர் ‘தொரேய்’ என்று ஒரு பொருளைச் சொல்லுவர். அவர்கள் மொழியில் மண், மணி என்னும் இரு சொற்கள் சேர்ந்த பெயர் அது. உள்ளே பொள்ளலாக, ஒரு கையில் அடங்கும் அளவில், நரி, முயல், குதிரை, கோழி முதலிய உருவங்களாகச் செய்யப்படும். வயிற்றுக்குள் ஒரு சிறு மண் உருண்டை கிடக்கும். அடியில் ஒரு பிளவு விடப்பட்டிருக்கும். ஆட்டினால் ‘கொரகொர’ என்று அடக்கமான ஓசை எழும். வெண்கல மணியைப் போல் கணீரென்று ஒலிக்காது. அவ்வோசை தீயவற்றை விலக்கி வீட்டிற்கு நன்மை கொண்டுவரும் என்பது அவர்கள் நம்பிக்கை. கோயில் வாசலில் வாங்கி வந்து வீட்டில் தொங்கவிடுவர். எழுத்து வழக்கம் தோன்றுமுன் அந்நாட்டில் வாழ்ந்த பண்டை மக்களின் இருப்பிடங்களிலும் இத்தகைய மண்மணிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

அவர்களது ஆண்டுக் கணக்கில் பன்னிரண்டு பிராணிகள் வரிசையாக வருகின்றன. எலி ஆண்டு, எருது ஆண்டு, புலி ஆண்டு என்று சுற்றிப் பன்னிரண்டாம் ஆண்டு முடிந்தபின் மீண்டும் எலி வரும். 2014ஆம் ஆண்டும் 2026ஆம் ஆண்டும் குதிரை ஆண்டுகள். புத்தாண்டு பிறக்கும்போது அந்த ஆண்டுக்குரிய பிராணியின் உருவில் மண்மணி வாங்குவது வழக்கம். சென்ற ஆண்டு வாங்கிய மணி உடையாமல் நன்றாக இருந்தாலும், இந்த ஆண்டுக்கு வேறு மணி வேண்டும். ஆகவே தொழிலாளிக்கு ஒவ்வோர் ஆண்டும் வேலை உண்டு. இந்த நுட்பத்தை நன்றாக மனத்திற் பதிய வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கே திரும்பி வருவோம்.

தென் ஜப்பானில் கியூஷூ தீவில், சாகா மாகாணத்துக் காஷிமா ஊரில் யூதோகு இனாரி என்னும் பெயர்பெற்ற கோயில் ஒன்று உண்டு. அதனருகே ‘நொகொமி’ என்னும் சிற்றூரின் பெயரால் வழங்கும் மண்மணிகள் செய்யப்படுகின்றன. இது தொன்றுதொட்டு வந்த தொழிலன்று. இரண்டாம் உலக மகாயுத்தம் 1945ஆம் ஆண்டில் முடிந்தபின், நாடு தோல்வியாலும் வறுமையாலும் சோர்ந்து கிடந்த காலத்தில், துணிக்குச் சாயமிடும் கலைஞர் ஒருவர் ஜனங்களின் மனம் தெளிவடைய வேண்டும் என்று கருதிப் புதிதாகத் தொடங்கியது. அச்சில் மண்ணை அழுத்திச் செய்து, சுட்டு, கையால் வர்ணம் தீட்டுகிறார்கள். அங்குச் செய்த உருவங்கள் அந்நாட்டுப் புத்தாண்டுத் தபால் தலைகளிலும் இடம் பெற்றிருக்கின்றன. பெரிய இயந்திரமும் பெரிய முதலும் இல்லாமல், கையும் மண்ணும் கோயிலும் கூடி ஊருக்கு ஒரு பெயரைத் தேடித் தந்த உதாரணம் இது.

ஜப்பானில் யானகி சோஎத்சு என்னும் அறிஞர், பெயர் தெரியாத கிராமத் தொழிலாளிகள் அன்றாட உபயோகத்துக்காகச் செய்யும் பொருள்களிலேயே உண்மையான அழகு உண்டு என்று எடுத்துக்காட்டி, 1936ஆம் ஆண்டில் தோக்கியோ நகரில் அவற்றிற்கென்றே ஒரு காட்சிசாலை நிறுவினார். படித்தவர்கள் தங்கள் கிராமப் பொருளை மதிக்கத் தொடங்கியதும் அவற்றை வாங்குவோர் தொகையும் பெருகியது.

3. நம் நாட்டுப் புரவி

இனி நம் பக்கம் திரும்புவோம். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளில் ஐயனார் கோயில்களின் முன் வரிசை வரிசையாக மண்குதிரைகள் நிற்பதைக் கண்டிராதவர் இலர். ஐயனார் இரவில் குதிரையேறி ஊரைக் காவல் புரிகிறார் என்பது நம்பிக்கை. அவருக்கு வாகனம் கொடுப்பதே புரவி எடுப்பு. இதைச் செய்பவர் வேளார் என்று வழங்கும் குயவர். பல ஊர்களில் அவரே கோயிற் பூசாரியும் ஆவார். உருவைப் படைக்கும் கையே தீபாராதனையும் காட்டுவது இவ்வழிபாட்டின் சிறப்பு. மதுரைப் பகுதி வேளாரின் தொழிலை நேரில் இருந்து ஆராய்ந்த ஸ்டீபன் இங்கிலிஸ் என்னும் மேனாட்டு அறிஞரின் நூல் 1980ஆம் ஆண்டில் மதுரையிலேயே வெளியாயிற்று.

புரவி எடுப்பின் தொடக்கம் ‘பிடிமண் கொடுத்தல்’. ஊர்ப் பெரியோர் கூடி நாள் குறித்து, வெற்றிலை பாக்குத் தேங்காயோடு ஒரு பிடி மண்ணை வேளார் கையில் கொடுப்பர். அந்தப் பிடிமண்ணை அவர் தாம் பிசையும் மண்ணோடு சேர்த்துக்கொள்வார். குதிரை ஊரார் மண்ணில் பிறந்தது என்பதே அதன் கருத்து. வேலை முடியும்வரை அவர் விரதம் காப்பதும் உண்டு. உருவங்கள் சுட்டு வர்ணம் தீட்டி முடிந்தபின், விழாவன்று கண் திறக்கும் சடங்கு நடைபெறும். பின்பு நேர்ந்துகொண்டவர்கள் தோளிற் சுமந்து, மேளதாளத்தோடு கோயிலுக்கு எடுத்துச் செல்வர்.

நம் மண்குதிரையின் கழுத்தை அடுத்த முறை சற்று உற்றுப் பாருங்கள். மாலை, சேணம், கடிவாளம் இவற்றோடு வரிசையாக மணிகளும் இருக்கும். எல்லாம் மண்ணிலேயே உருட்டி ஒட்டியவை. ஜப்பானியரின் மண்மணி ஒலிப்பது. நம் மண்மணி ஒலியாதது. இரண்டுக்கும் வேலை ஒன்றே: காவல்.

கோயிலில் வைத்த குதிரையை யாரும் பழுது பார்ப்பதில்லை. வெயிலிலும் மழையிலும் நின்று வர்ணம் போய், காது உடைந்து, கால் சரிந்து, ஒரு நாள் மீண்டும் மண்ணாகிவிடும். அடுத்த விழாவுக்குப் புதுக் குதிரை வரும். அயலார் பார்த்தால் இது பராமரிப்பின்மை என்று எண்ணுவர். அது தவறு. ஜப்பானியருக்குப் பன்னிரண்டு பிராணிகளின் சுற்று எப்படியோ, அப்படியே நமக்கு மண்ணின் அழிவு. பழையது அழிவதனால்தான் ஊரார் மீண்டும் பிடிமண் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஊருக்கும் தொழிலாளிக்கும் இடையே எழுதாத ஒப்பந்தம் ஒன்று அந்த அழிவிலே அடங்கியிருக்கிறது. புதுப்பிக்கும் வழக்கமே இத்தொழிலின் உண்மையான மூலதனம்.

இப்போது பல ஊர்களில் சிமெண்டுக் குதிரை கட்டுகிறார்கள். "ஒரு முறை செலவு செய்தால் போதும், பேரன் காலம் வரை நிற்கும்" என்று சொல்லுகிறார்கள். நிற்கும்தான். ஆனால் அந்த ஊரில் பேரன் காலம் வரை பிடிமண் கொடுக்கும் சடங்கு இராது. கண் திறக்க வேளார் வேண்டியதில்லை. தோள் கொடுத்துச் சுமக்க ஊரார் கூட வேண்டியதில்லை. ஒரு முறை மிச்சம் பிடித்த பணத்துக்காக ஊர் எதை எதையெல்லாம் விட்டுவிட்டது என்று கணக்கெழுதிப் பார்த்தால், பற்றைக் காட்டிலும் செலவு அதிகமாக நிற்கும்.

4. தொழில் முறை

வாங்குவோர்க்கும் தொழிலின் உழைப்புத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவரே பேரம் பேசி அடிமாட்டு விலைக்குக் கேட்பர்.

கண்மாய் வண்டலை எடுத்து உலர்த்தி, கல் வேர் நீக்கி, ஊறவைத்து, மணல் கலந்து காலால் மிதித்துப் பதப்படுத்துவது முதல் வேலை. பெரிய உருவங்களுக்கு வைக்கோல் துணுக்கோ உமியோ சேர்ப்பதுண்டு. அது சூளையில் எரிந்து நுண்ணிய துளைகள் உண்டாவதால் ஆவி வெளியேற வழி ஏற்பட்டு வெடிப்புக் குறையும். குதிரையை முழுதாக ஒரே நாளில் நிறுத்த முடியாது. கால்கள் முதலில், அவை சற்று இறுகியபின் வயிறு, அது இறுகியபின் கழுத்து, கடைசியில் தலை. ஈரம் மிகுந்தால் மேற்பாரம் தாங்காமல் அமுங்கும். மிகவும் உலர்ந்துவிட்டால் புது மண் ஒட்டாது. இந்தப் பக்குவம் புத்தகத்தால் வருவதன்று. பெரிய குதிரைகளை நின்ற இடத்திலேயே வைக்கோல், வறட்டி, விறகு, ஓட்டாஞ்சில்லு இவற்றால் மூடிச் சுடுவர்.

சிறு மண்மணி செய்வது பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கத்தக்க வேலை. ஆடினால் ஒலிக்கும் மண் கிலுகிலுப்பை நம் நாட்டுக்கும் பழையதுதான். முறை இது: பட்டாணி அளவு மண் உருண்டையை முன்னதாகவே உலர்த்திச் சிறு காகிதத் துண்டில் சுற்றிக்கொள்ள வேண்டும். கிண்ணம் போன்ற இரு பாதிகளைச் செய்து, உருண்டையை உள்ளே வைத்து, விளிம்புகளைக் கீறிக் குழைசேறு தடவி ஒட்ட வேண்டும். காகிதம் சுற்றாவிட்டால் உருண்டை உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். சுற்றியிருந்தால் காகிதம் சூளையில் எரிந்துபோக, உருண்டை விடுபட்டு ஆடும். அடியில் ஒரு பிளவு கட்டாயம் விட வேண்டும். ஒலி வெளிவருவதற்கு மட்டுமன்று, உள்ளிருக்கும் காற்றும் ஆவியும் வெளியேறாவிட்டால் சூளையில் வெடித்துவிடும். நிழலில் மெதுவாக உலர்த்திய பின்பே சுட வேண்டும்.

நன்றாக வெந்ததா என்பதைக் காதால் அறியலாம். சந்தையில் பானை வாங்கும் நம் பெண்கள் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தல்லவா வாங்குகிறார்கள்! ‘டங்’ என்றால் வெந்தது. ‘டொக்கு’ என்றால் வேகாதது அல்லது கீறல் விழுந்தது. மண்ணின் ஒலியறியும் இக்கலை மானாமதுரையில் உச்சத்தை அடைந்திருக்கிறது. அவ்வூரில் செய்யும் கடம் சங்கீத வித்துவான்களின் சபையில் ஒலிக்கிறது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

5. குயவர் படும் இடர்

"குயவனுக்குப் பல நாள் வேலை, தடிகாரனுக்கு ஒரு நாழிகை வேலை" என்பார்கள். இக்காலத்தில் அந்தத் தடி பல உருவில் வருகிறது. முதலாவது மழை. இரண்டாவது மண் கிடையாமை. மூன்றாவது விறகு விலை. நான்காவதும் கொடியதுமானது முன்பணம்.

அடிவாரத்துச் சூளை ஒன்றுக்கு ஒரு ஐப்பசியில் போயிருந்தேன். முந்தின இரவு பெய்த மழையில் சூளை நனைந்து, உள்ளிருந்தவற்றில் பாதிக்கு மேல் வெடித்துக் கிடந்தன. அவற்றைப் பொறுக்கிக் கொண்டிருந்த வேளார் என்னைப் பார்த்து, "மண் போனது போகட்டும் ஐயா, மண் இன்னும் இருக்கிறது. வியாபாரியிடம் கைநீட்டி வாங்கிய பணம்தான் தூங்க விடமாட்டேன் என்கிறது" என்றார். விழாவன்று கோயிலில் முதல் மரியாதை பெறும் மனிதர் அவர். பரிவட்டம் கட்டிய அதே தலை மற்ற நாட்களில் கடன் கொடுத்தவன் முன் குனிந்து நிற்கிறது.

கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். தொகைகள் பாடத்துக்காக நாமே இட்டவை. ஒருவர் 2,000 ரூபாய் முன்பணம் வாங்கிச் சிறு உருவங்கள் 100 செய்கிறார். 12 வெடித்துப் போக 88 மிஞ்சுகின்றன. முன்பணம் கொடுத்த வியாபாரி உருப்படி 30 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறார். வரவு 2,640 ரூபாய். விறகு, வண்டிச் சத்தம், வர்ணம் முதலிய செலவு 1,200 ரூபாய். மிச்சம் 1,440 ரூபாய். அதே 2,000 ரூபாயைச் சங்கம் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் கொடுத்து, விற்பனையையும் தானே ஏற்று, 55 ரூபாய்க்கு விற்று, 5 ரூபாயைச் சங்கச் செலவுக்கு வைத்துக்கொண்டால், வரவு 4,400 ரூபாய். செலவு 1,200, ஒரு மாத வட்டி 20 ரூபாய். மிச்சம் 3,180 ரூபாய். கை ஒன்றே, மண் ஒன்றே, சூளையும் ஒன்றே. வேறுபாடு முன்பணம் எவரிடம் வாங்கினார் என்பதில் மட்டும் இருக்கிறது.

தாண்டிக்குடி அங்கத்தினர்களுக்கு இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. காப்பி பூத்திருக்கும்போதே விலை பேசி முன்பணம் வாங்கியவன், காய் பழுத்தபின் சந்தை விலையைக் கேட்டு வயிறெரிவதை நீங்கள் அறிவீர்கள். குயவரின் நிலையும் அதுவே.

6. சங்கம் செய்யத்தக்கவை

(அ) விழா அட்டவணை. சுற்று வட்டாரத்துக் கோயில்களில் புரவி எடுப்பு, பொங்கல், கார்த்திகை, நவராத்திரி கொலு, விநாயக சதுர்த்தி இவை எப்போது, எந்த ஊருக்கு எத்தனை உருவம் தேவை என்று ஆறு மாதம் முன்னதாகவே ஒரு பதிவேடு எழுத வேண்டும். தேவை முன்னதாகத் தெரிந்தால் கோடையிலேயே சுட்டு அடுக்கிவிடலாம். மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை. மதுரைத் திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில் குடும்பம் குடும்பமாகக் கொலுப் பொம்மையும் கிறிஸ்துமஸ் குடில் உருவங்களும் செய்கிறார்கள். ஒரு விழா முடிந்தால் அடுத்த விழாவுக்கு வேலை தொடங்கிவிடும். எந்தத் தெய்வத்துக்கு விழாவாயினும் மண்ணுக்கு வேலை உண்டு.

(ஆ) மண் எடுக்க அனுமதி. தனியொருவராக அலைந்தால் வேலை நாட்கள் வீணாகும். ஏரி, கண்மாய்களிலிருந்து விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கட்டணமின்றி மண் எடுப்பதற்குத் தாசில்தார் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று தமிழ்நாட்டு அரசாங்கம் 2024ஆம் ஆண்டில் விதியை எளிதாக்கியது. தொழிலாளிகள் அனைவரின் மனுக்களையும் சங்கக் காரியதரிசி ஒருசேர எழுதிக் கொடுத்து, அனுமதி வரும்வரை தொடர்ந்து விசாரித்து வருவது நலம்.

(இ) தவணை. மாதந்தோறும் சம அளவில் திருப்பிக் கட்டும் கடன் இத்தொழிலுக்குப் பொருந்தாது. பணம் விழாவையொட்டியே வரும். ஆகவே தவணையும் விழா கழிந்த பதினைந்து நாட்களுக்குள் என்று வைக்க வேண்டும். பயிர்க்கடனை அறுவடைக்குப் பின் வசூலிக்கிறோம். சூளைக் கடனுக்கு மாத்திரம் வேறு நியாயம் எதற்கு?

(ஈ) பொதுச் சூளையும் கொட்டகையும். உலர்த்துவதற்கு ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை இருந்தால் மழைக்காலத்து நஷ்டத்தில் பெரும் பகுதி நீங்கும். ஒருவரால் கட்ட முடியாததைப் பத்துப் பேர் சேர்ந்தால் கட்டலாம்.

(உ) உடைவு நிதி. விற்கும் உருப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய் ஒதுக்கி வந்தால், சூளை கெட்ட அங்கத்தினருக்கு அந்த ஆண்டு கைகொடுக்கலாம். மண்பாண்டத் தொழிலாளர் நல வாரியத்தில் எல்லாரும் பதிவு செய்திருக்கிறார்களா என்பதையும் சங்கம் பார்க்க வேண்டும். பதிவில்லாதவர்க்கு மழைக்கால நிவாரணம் கிட்டாது.

(ஊ) தரம். தட்டிப் பார்த்து ஒலி தேறாத உருப்படிக்குச் சங்க முத்திரை இடலாகாது. பிள்ளைகள் கையாளும் மணிகளுக்கு ஈயம் கலந்த வர்ணம் கூடவே கூடாது. காவியும் சுண்ணாம்பும் போதும், அழகும் குறையாது. விநாயக சதுர்த்திக்கு நீரிற் கரைக்கும் உருவங்களைப் பாரிஸ் சாந்தில் செய்யலாகாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. அது களிமண் தொழிலாளிக்குத் திறந்த ஒரு வாசல். அந்த வாசலில் நாம் நல்ல சரக்கோடு நிற்க வேண்டும்.

(எ) நேர்த்திப் பொருள் வேறு, கடைப் பொருள் வேறு. பிடிமண் பெற்று விரதத்தோடு செய்த குதிரை கோயிலுக்குரியது. அதைப் பட்டணத்துக் கடைக்கு விற்க ஆசைப்படலாகாது. கடைக்கென்று சிறு குதிரை, சிறு மணி, விளக்கு, கிலுகிலுப்பை இவற்றைத் தனியே செய்யலாம். வங்காளத்தில் பாங்குரா மாவட்டத்துப் பாஞ்ச்முரா கிராமத்தார் இதற்கு நல்ல உதாரணம். அவர்களது மண்குதிரையும் நேர்த்திப் பொருளாகப் பிறந்ததுதான். பின்பு நாடெங்கும் வீட்டு அலங்காரமாகப் பரவி, இந்தியக் கைத்தொழிலுக்கே சின்னமாக விளங்கும் அளவுக்கு உயர்ந்தது. அவ்வூர்க் குயவர்கள் கூட்டுறவுச் சங்கமும் அமைத்துக்கொண்டார்கள். கிராமத்துத் தெய்வங்களுக்குக் குதிரை செலுத்தும் வழக்கமும் அங்கே நின்றுவிடவில்லை.

7. மலைவாசிகளுக்கு இதில் என்ன?

இப்போது முதியவரின் கேள்விக்கு விடை. தாண்டிக்குடியில் சூளை இல்லாதிருக்கலாம். ஆனால் வாங்குபவர் இன்றித் தொழில் உண்டா? மலையிலிருந்து அடிவாரத்துக் கோயில்களுக்கு நேர்ந்துகொண்டு இறங்குகிறவர்கள் நீங்கள். மலையேறி வரும் யாத்திரிகர்களையும் உல்லாசப் பிரயாணிகளையும் அன்றாடம் காண்கிறவர்களும் நீங்களே. அவர்களுக்குக் காப்பித் தூளும் மிளகும் விற்கும் சங்கக் கடையில், அடிவாரத்துச் சங்கத்தார் செய்த மண்மணியையும் ஒரு தட்டில் வைத்து விற்றால், கமிஷனில் உங்கள் சங்கத்துக்கும் ஒரு பங்கு சேரும். ஒரு சங்கம் மற்றொரு சங்கத்தின் சரக்கை விற்றுக் கொடுப்பது கூட்டுறவின் முதற்பாடங்களுள் ஒன்று.

இன்னொரு விஷயம். இம்மலையின் விருப்பாட்சி வாழைப்பழம் பழநிப் பஞ்சாமிர்தத்தில் சேர்வதை நீங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வீர்கள். அப்பழம் 2008ஆம் ஆண்டிலும் பஞ்சாமிர்தம் 2019ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றன. மலையில் விளைந்த பழம், கோயிலிற் சேர்ந்ததனால் பெயர் பெற்றது. கோயிலும் பழத்தினால் பெயர் பெற்றது. அடிவாரத்து மண்ணுக்கும் ஐயனார் கோயிலுக்கும் உள்ள உறவு இதுவே. உங்கள் பழத்துக்குப் பதிலாக வேறெங்கிருந்தோ வந்த மலிவுப் பழத்தை ஒருவர் கோயிலில் சேர்க்கத் துணிந்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? வேளாரின் குதிரை நின்ற இடத்தில் சிமெண்டுக் குதிரை எழும்போதும் அதே நியாயத்தைப் பேச வேண்டும்.

உங்கள் வீட்டார் நேர்ந்துகொண்டால் மண் உருவத்தையே கொடுங்கள். விலையை விழாவுக்கு முந்தின நாள் பேசாமல் மூன்று மாதம் முன்னதாகப் பேசி, பாதிப் பணத்தை அப்போதே சங்கத்தில் செலுத்துங்கள். அந்தப் பாதிப் பணம் சூளைக்கு விறகாகும். வியாபாரியின் முன்பணத்துக்குப் போக வேண்டிய அவசியம் தீரும். இந்த ஒரு வழக்கத்தைக் கைக்கொள்ள அரசாங்க உத்தரவு எதுவும் வேண்டியதில்லை.

8. கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. ஜப்பானியரின் பன்னிரண்டு பிராணி ஆண்டுகளும், நம் மண்குதிரையின் அழிவும் தொழிலாளிக்கு ஒரே விதமாக உதவுவது எவ்வாறு?

2. பிடிமண் கொடுக்கும் சடங்கினால் ஊருக்கும் வேளாருக்கும் ஏற்படும் கடமைகள் யாவை? சிமெண்டு உருவம் கட்டினால் அவற்றுள் எவை நீங்குகின்றன?

3. மேலே காட்டிய கணக்கில், சூளை கெட்டு 100 உருப்படியில் 40 மட்டுமே தேறினால் வியாபாரியிடம் விற்பவருக்கும் சங்கத்தில் விற்பவருக்கும் என்ன மிஞ்சும்? உடைவு நிதி எவ்வளவு கைகொடுக்க வேண்டும்?

4. நம் சங்க எல்லைக்குள் சென்ற ஆண்டு எத்தனை வீட்டார் நேர்த்திக்காக உருவம் வாங்கினார்கள்? எவரிடமிருந்து, என்ன விலைக்கு?

5. நம் சங்கக் கடையில் ஒரு தட்டு ஒதுக்குவதற்குத் தடை ஏதேனும் உண்டா? இருந்தால் அதை நீக்குவது எப்படி?

மூன்றாம் வினாவுக்கு ஒவ்வொருவரும் தாமே கணக்குப் போட்டுப் பார்ப்பது நலம். விடை வருத்தம் தருவதாகவே இருக்கும்: வியாபாரியிடம் விற்பவர்க்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை, சங்கத்தில் விற்பவர்க்கு எண்ணூறு ரூபாய்க்கும் குறைவே. அந்தக் குறைவை ஒருவர் தலையில் விடாமல் எல்லாரும் பகிர்ந்துகொள்வதற்கே சங்கம் என்று ஒன்று வைத்திருக்கிறோம். நான்காம் வினாவின் விடையைக் காரியதரிசி எழுதி வைத்திருந்தால், அடுத்த பார்வையிடலின்போது அந்தக் கணக்கோடு அடிவாரத்துச் சூளைக்குச் சேர்ந்தே போய் வரலாம்.